வாளை, வாழை

1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி எங்கள் ஊர்க் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது நிலத்தை அளந்தது பீரங்கியை வைத்து. கோட்டையிலிருந்து சுட்ட குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்குச் சொந்தம். அப்படிச் சொந்தமான ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். சில்வர் பீச்சுக்கு வருகிறவர்கள் கேட்டால் ஊர்ப் பையன்கள் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். மற்றபடி கோட்டையில் இப்போ பார்க்கிறதுக்குப் பெரிசா ஒண்ணும் கிடையாது.

எனக்கு அந்தக் காலத்து ஆவணங்களில் பிடித்த விஷயம் வேறு. அவற்றில் எங்கள் ஊரின் பெயர் 'தெக்னபட்டம்'. தேவனாம்பட்டினம் என்று யாரோ ஒருவர், அநேகமாக ஒரு மீனவரோ துபாஷியோ, வாயைத் திறந்து சொல்லியிருக்கிறார். கேட்டவர் தெக்னபட்டம் என்று எழுதிக்கொண்டார். 'வ' எங்கே போனது, 'க்' எங்கிருந்து வந்தது? இவர்கள் ஒன்றும் அசட்டையான ஆட்கள் இல்லை. துணி மூட்டைக்கும் மிளகுக்கும் காசு பிசகாமல் கணக்கு எழுதியவர்கள். ஊர்ப்பெயர் மட்டும் அவர்கள் காதில் சிக்கவில்லை. தரங்கம்பாடி ட்ராங்குபார் ஆனது, தூத்துக்குடி டூட்டிகொரின் ஆனது. 'த' என்று நாம் பல்லில் நாக்கை வைத்துச் சொன்னதெல்லாம் அந்தப் பக்கம் போனதும் 'ட' ஆகிவிட்டது.

வெள்ளைக்காரன் நாக்குக்குத் தமிழ் வராது என்று நம்ம ஊரில் சிரிப்பார்கள். நாக்குக்கு முன்னாலேயே காதில் நின்றுவிடுகிறது என்பதை நான் சிதம்பரத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. மொழியியல் படித்தேன். கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாக தினமும் பஸ். மொழியியல் என்றால் என்ன வேலை கிடைக்கும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் ஒலியியல் வகுப்பு பிடித்துப்போனது. அங்கே வந்த முதல் ஆச்சரியம் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு. கனடாவில் ஆங்கிலம் மட்டுமே புழங்கும் வீட்டுக் கைக்குழந்தைகளை அம்மா மடியில் உட்கார வைத்து, ஒலிபெருக்கியில் ஹிந்தியின் 'ட'வைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். நடுவில் அது 'த' என்று மாறும். மாறினதும் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் விளக்கு எரிந்து பொம்மை ஆடும். சில தடவை பார்த்த குழந்தை, சத்தம் மாறின உடனேயே பொம்மையை எதிர்பார்த்துத் தலையைத் திருப்பும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் திருப்பினார்கள். பத்து, பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் திருப்பவில்லை. ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்கும் அது ஒரே சத்தம்தான்.

அதாவது, பிறக்கும்போது எந்த ஊர் சத்தத்துக்கும் தயாராக இருக்கும் மூளை, முதல் வருஷம் முடிவதற்குள்ளேயே தன் வீட்டில் புழங்காத வித்தியாசங்களைக் கைவிட ஆரம்பித்துவிடுகிறது. ஒரு மொழியைக் கேட்கப் பழகுவது என்பதில் பாதி, மற்ற மொழிகளைக் கேட்காமல் இருக்கப் பழகுவது. கதவு முழுசாகச் சாத்தப்படுவதில்லை, பயிற்சி கொடுத்தால் பெரியவர்களுக்கும் கொஞ்சம் திறக்கும். ஆனால் அது தள்ளித் திறக்கும் கதவு.

ட, த தெரியாத வெள்ளைக்காரனை நினைத்து வகுப்பில் நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அடுத்த வாரமே பேராசிரியர் ஹிந்தியில் மூன்று சொற்களைப் போட்டுக் காட்டினார். சாப்பாடு, பாட்டு, ஒற்றைக்கண் உள்ளவன். மூன்றையும் தமிழில் எழுதினால் 'கானா', 'கானா', 'கானா'. பாட்டை மட்டும் கண்டுபிடித்தோம். சாப்பாட்டையும் ஒற்றைக்கண்ணனையும் பிரிக்க முதல் பெஞ்சால்கூட முடியவில்லை.

*

இந்தப் பாடம் வீட்டுக்குள் வந்தது அக்கா மகனால். அவனைக் குட்டி என்று கூப்பிடுகிறேன்.

ஒரு தீபாவளிக்குத் தெருவில் அணுகுண்டு வெடித்தபோது குட்டி திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்கு அப்போது ஒன்றரை வயசு. அக்கா அன்றைக்கே பயந்துவிட்டாள். டவுனில் காட்டிய ஒரு டாக்டர், "ஆம்பளப் புள்ளைங்க லேட்டாத்தாம்மா பேசும்" என்று அனுப்பிவிட்டார். அக்கா கேட்கவில்லை. தூங்கவைத்துத் தலையில் வயர் ஒட்டி எடுக்கும் பெரா டெஸ்ட் வரைக்கும் போனாள். இரண்டு காதும் இல்லை. அக்காவுக்கு மாமா அத்தை பையன். எங்க பக்கம் அப்படித்தான் கட்டுவார்கள். ரத்த உறவில் கல்யாணம் நடக்கும் குடும்பங்களில் பிறவிக் காதுகேளாமை அதிகம் என்பதை எங்களுக்கு வரைபடம் போட்டு விளக்கினார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று ராத்திரி வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயசுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு இப்படி வைத்திருக்கிறார்கள். வெளியில் செய்தால் பல லட்சம். குட்டிக்குச் சென்னையில் ஆபரேஷன் நடந்தபோது வயசு இரண்டு வருஷம் பத்து மாதம்.

அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உள்காதில் காக்ளியா என்று நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள். அதற்குள் சத்தத்தை நரம்புக்குக் கொடுக்கும் உள்வரிசை மயிர்ச்செல்கள் மட்டும் சுமார் 3,500. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சுருதிக்குப் பக்கத்தில் அதிகமாக வேலை செய்யும். குட்டிக்கு அவை வேலை செய்யவில்லை. அவற்றுக்குப் பதிலாக அந்தச் சுருளுக்குள் ஒரு மெல்லிய கம்பியைச் செருகுகிறார்கள். அதில் அதிகபட்சம் இருபத்திச்சொச்சம் மின்முனைகள். காதுக்கு வெளியே மாட்டும் ப்ராசஸர் சத்தத்தைப் பிரித்து அந்த முனைகளில் மின்துடிப்பாகக் கொடுக்கிறது. 3,500 பேர் வாசித்த கச்சேரியை இருபது பேரை வைத்து நடத்துகிற மாதிரி.

இது போதுமா? போதும் என்பதுதான் அதிசயம். ராபர்ட் ஷானனும் கூட்டாளிகளும் 1995-இல் காட்டியது: பேச்சை நான்கே பட்டைகளாகக் குறுக்கி, சுருதியெல்லாம் அழித்து, வெறும் இரைச்சலின் ஏற்ற இறக்கமாகக் கொடுத்தாலும் கேட்கிறவர்களால் சொற்களைப் பிடிக்க முடிகிறது. இணையத்தில் அந்த மாதிரி ஒலித்துண்டுகள் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். முதல் தடவை யாரோ தொண்டையில் மணல் போட்டுப் பேசுகிற மாதிரி இருக்கும். என்ன வாக்கியம் என்று தெரிந்துகொண்டு மறுபடி கேட்டால் அதே மணல் தெளிவாகப் பேசும். சத்தம் மாறவில்லை. மாறினது நீங்கள்.

ஆனால் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு மொழி இருக்கிறது. மணலுக்கு அடியில் என்ன இருக்கும் என்று உங்கள் மூளைக்குத் தெரியும். குட்டிக்கு அது கிடையாது.

யூட்யூபில் 'சுவிட்ச் ஆன்' வீடியோக்கள் பார்த்திருப்பீர்கள். கருவியைப் போட்டதும் குழந்தை கண்ணை விரித்து அம்மாவைப் பார்க்கும், பின்னணியில் பியானோ. அக்கா அதை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தாள். குட்டிக்குக் கருவியைப் போட்டதும் அவன் அழுதான். பிறகு காந்தத்தைப் பிடுங்கி எறிந்தான். அம்மா என்று கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. ஏன் திரும்ப வேண்டும்? அவனுக்கு அது குரல் என்றே தெரியாது. ஒரு துடிப்பு வருகிறது, அது ஃபேனா, அம்மாவா, குக்கரா என்று பிரிக்க அவன் மூளை இனிமேல்தான் படிக்க வேண்டும். அங்கே இருந்த ஆடியாலஜிஸ்ட், "இவனுக்கு இன்னிக்கு காது வயசு பூஜ்யம்" என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

வேலையைத் தள்ளிப்போடவும் முடியாது. அனு ஷர்மாவின் குழு 2002-இல் வெளியிட்ட அளவீடுகள் இந்தத் துறையில் எல்லாரும் சொல்கிறவை. மூன்றரை வயசுக்குள் இம்பிளான்ட் வைத்த குழந்தைகளில், சத்தத்துக்கு மூளைப்புறணி பதில் தரும் வேகம் சில மாதங்களில் சாதாரணக் குழந்தைகளின் அளவை எட்டிவிடுகிறது. ஏழு வயசுக்கு மேல் வைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஆவதில்லை. சத்தம் வராத அந்த இடத்தைச் சும்மா வைத்திருக்க மூளைக்கு மனசு வராது, பார்வைக்கும் தொடுதலுக்கும் கொடுத்துவிடும். குட்டிக்கு மூன்றரைக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. வீட்டு காலண்டரில் அக்கா அதை மாதாமாதம் அடித்துக்கொண்டு வந்தாள்.

*

தினமும் காலையில் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க ஆறு சத்தம் சொல்ல வேண்டும். ஆ, ஊ, ஈ, ம், ஸ், ஷ். டேனியல் லிங் என்பவர் வகுத்தது. தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை பேச்சு பரவியிருக்கும் அகலம் முழுவதும் இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உதட்டைப் பார்த்துவிடுவான். கேட்டால் ஒரு கட்டையை டப்பாவில் போடுவான்.

மற்ற ஊரில் இது சுலபமாக இருக்கலாம். எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். அலைச் சத்தத்துக்குச் சுருதி கிடையாது, எல்லாச் சுருதியும் கலந்த இரைச்சல், 'ஷ்' மாதிரியே இருக்கும். குட்டி 'ஷ்' வருவதற்கு முன்பே கட்டையைப் போட்டான். பொய் சொல்கிறான் என்று அக்கா திட்டினாள். அவன் பொய் சொல்லவில்லை. வீட்டில் அவன் ஒருத்தன்தான் கடலைக் கேட்டுக்கொண்டிருந்தான். எங்களுக்கெல்லாம் அது எப்போதோ கேட்காமல் போய்விட்டது.

1970-இல் ரிச்சர்ட் வாரன் ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் இருமலை ஒட்டினார். கேட்டவர்கள் இருபது பேரில் பத்தொன்பது பேர், எந்த ஒலியும் விட்டுப்போகவில்லை என்றார்கள். மிச்சம் ஒருத்தரும் தப்பான ஒலியைச் சொன்னார். இருமல் எந்த இடத்தில் வந்தது என்றுகூட அவர்களால் சரியாகக் காட்ட முடியவில்லை. ஓட்டையை மூளை தன் கையிருப்பிலிருந்து அடைத்துவிட்டு, அடைத்த தடயத்தையும் துடைத்துவிடுகிறது. தேவனாம்பட்டினத்துக் கரையில் எங்கள் பேச்சு முழுக்க இப்படித்தான் நடக்கிறது. வலை இழுக்கும்போது ஒருத்தர் சொல்வதில் பாதி அலையோடு போய்விடும், யாரும் "என்ன?" என்று கேட்பதில்லை. குட்டியிடம் கையிருப்பு இல்லை. ஓட்டை ஓட்டையாகவே விழும். அதனால் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்வை ஊற்ற உட்கார்ந்து 'ஆ' என்றோம்.

தமிழ் அவனுக்கு இன்னொரு விதத்திலும் கஷ்டம். இது என் சொந்தக் கணக்கு. இம்பிளான்ட் நன்றாகக் காட்டுவது நேரத்தை. எப்போது ஒலி ஆரம்பிக்கிறது, குரல் எப்போது சேர்கிறது என்பதை. பிறப்பிடத்தை, அதாவது நாக்கு எங்கே தொட்டது என்பதை, மங்கலாகத்தான் காட்டும். ஆங்கிலத்துப் ப, ப³ வித்தியாசம் நேரத்தைச் சேர்ந்தது. லிஸ்கரும் ஆப்ராம்சனும் 1964-இல் பதினொரு மொழிகளில் இதை மில்லிசெகண்டில் அளந்தார்கள், அதில் தமிழும் ஒன்று. நாமோ அதற்குத் தனி எழுத்தே வைக்கவில்லை, ஒரு 'ப' போதும் என்று விட்டுவிட்டோம். அதற்குப் பதில் ல, ள, ழ என்றும் ந, ன, ண என்றும் நாக்கின் இடத்தில் போய்ப் பணத்தை எல்லாம் போட்டுவைத்திருக்கிறோம். கருவிக்கு எது நன்றாக வருமோ அது தமிழுக்குத் தேவையில்லை. தமிழுக்கு எது உயிரோ அது கருவிக்கு வராது.

*

ஆயாவின் விஷயத்துக்கு வருகிறேன். ஆயா என் அம்மாவின் அம்மா. நாற்பது வருஷமாக மீன் கூடை. அதற்கு 'ழ' கிடையாது. மழை 'மளை', பழம் 'பளம்', கிழவி 'கெளவி'. தெரபி சொல்லிக்கொடுத்தவர் மூன்றாவது வாரம் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "பாட்டிகிட்ட ரொம்ப விடாதீங்க, அவங்க உச்சரிப்பு வந்துடும். வீட்ல எல்லாரும் சுத்தத் தமிழ்ல பேசுங்க" என்றார். அக்கா வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னாள். ஆயா கூடையைக் கழுவிக்கொண்டே, "அப்ப நான் வாய மூடிக்கினு இருக்கறேன்" என்றது. நிஜமாகவே நாலு நாள் குட்டியோடு பேசவில்லை.

எனக்கு அது பொறுக்கவில்லை. பாசத்தால் மட்டும் இல்லை. படித்த படிப்பே வேறு சொன்னது. பட்ரிஷியா கூல் 1997-இல் அமெரிக்கா, ரஷ்யா, ஸ்வீடன் என மூன்று நாட்டு அம்மாக்கள் குழந்தையிடம் பேசுவதைப் பதிவு செய்து பார்த்தார். மூன்று இடத்திலும் உயிரெழுத்தை இழுத்து, ஒன்றிலிருந்து ஒன்று நன்றாக விலகும்படி பேசுகிறார்கள். கொஞ்சல் என்று நாம் நினைப்பது பாடம். "நெத்திலீஈஈ" என்று தெரு முனையிலிருந்து கடைசி வீடு வரைக்கும் உயிரெழுத்தை இழுத்துப் பழகிய ஆயாவைவிட இதற்குத் தகுதியான ஆள் கடலூரில் யார்? 2003-இல் அதே கூல் இன்னொன்று செய்தார். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மாண்டரின் பேசுகிறவர்களைப் பன்னிரண்டு தடவை விளையாட விட்டார். குழந்தைகள் மாண்டரின் ஒலி வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டன. அதே ஆட்களை, அதே பேச்சை டிவியில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. ஜப்பானியருக்கு ஆங்கில 'ர', 'ல' கற்பித்த இந்தியானா ஆய்வுகளில், ஒரே குரலில் பழகியவர்களைவிடப் பல குரல்களில் பழகியவர்கள்தான் புதுக் குரலிலும் கேட்டார்கள். ஆக, குட்டிக்குத் தேவை முகம், மடி, பல குரல். சுத்தமான ஒரு குரல் இல்லை.

அக்காவுக்கு இதை எல்லாம் ஒரு ராத்திரி முழுக்கச் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: "ஸ்கூல்ல சிரிப்பாங்கல்ல?"

அதற்கு என்னிடம் ஆய்வு எதுவும் இல்லை. சிதம்பரத்தில் என் 'ள'வுக்கும் சிரித்திருக்கிறார்கள். தமிழுக்குச் சிறப்பு ழகரம் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு, பாதித் தமிழ்நாடு அந்த ஒலி இல்லாமலேயே காதலித்து, சண்டை போட்டு, ஒப்பாரி வைத்து வாழ்கிறது என்பது தெரியாததில்லை. தெரிந்துதான் சிரிக்கிறார்கள். நாக்கு நுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தடவும்போது ரகரமும் ழகரமும் பிறக்கும் என்று தொல்காப்பியம் பிறப்பியலில் சொல்லிவிட்டது. ஸ்ரீகாந்த் நாராயணனும் உடன் ஆய்ந்தவர்களும் 1999-இல் எம்ஆர்ஐ ஸ்கேனில் தமிழ் பேசுகிறவரின் நாக்கைப் படம் எடுத்தபோதும் 'ழ'வுக்கு நாக்கு பின்னால் வளைவது தெரிந்தது. எல்லாம் சரி. வளையாத நாக்குக்காரி பேத்தியோடு பேசக் கூடாது, பேரனோடு பேசக் கூடாது என்று பிறப்பியலில் எங்கேயும் இல்லை.

ஆயாவின் காதை ஒரு நாள் சோதித்தேன். என் குரலில் கிளி, கிழி, வாளை, வாழை, தாள், தாழ் என்று கலந்து போனில் பதிவு செய்து, எது எது என்று கேட்டேன். பாதிக்குப் பாதி, பூவா தலையா போட்டால் வருகிற அளவுதான். "ரெண்டும் ஒண்ணுதானடி, இன்னாத்துக்குத் திருப்பித் திருப்பிப் போடற?" என்றது. வாளை மீனும் வாழை இலையும் அதற்கு ஒரே சொல். அதனால் ஒரு நாளும் குழம்பினதில்லை. கூடையில் இருந்தால் மீன், கொல்லையில் இருந்தால் மரம்.

அதே ஆயா, திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் வரும் படகின் எஞ்சின் சத்தத்தை அலைக்குள்ளிருந்து பிரித்து, வருவது யார் படகு என்று சொல்லும். முப்பது, நாப்பது ஃபைபர் படகு இருக்கும் கரை. எனக்கு எல்லாம் 'டபடபடப'. காது அதற்கு மழுங்கவில்லை. 'ழ'வைப் பிரித்து ஆயாவுக்கு ஆக வேண்டியது ஒன்றும் இருந்ததில்லை. எஞ்சினைப் பிரித்தால் முதலில் போய் மீனை ஏலம் கேட்கலாம். மூளை கணக்குப் பார்க்கும்.

ஐந்தாம் நாள் அக்காவே குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஆயா மடியில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தெரபிக்கு மட்டும் தொடர்ந்து போனாள். அங்கே 'ழ', இங்கே 'ள'. இரண்டு பாஷை படிக்கிற பிள்ளைகள் உலகத்தில் இல்லையா என்ன.

காது வயசு ஒரு வருஷம் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால், ஆயா கூடையை இறக்கியபோது, வாயைப் பார்க்காமல், சொல்லித்தராமல், குட்டி "வாள" என்றான். கூடையில் வாளை மீன் இருந்தது. ஆயா அவனைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தது.

இப்போது அவனுக்கு ஐந்து முடிந்துவிட்டது. சத்தமான இடத்தில் திணறுகிறான். போனில் மாமா பேசினால் பாதிதான் புரிகிறது. ல, ள இரண்டையும் இன்னும் பிரிப்பதில்லை. கருவியின் காயிலும் கேபிளும் போனால் ஆயிரக்கணக்கில் செலவு, உப்புக் காற்றுக்கு அது அடிக்கடி போகிறது. ராத்திரி சிலிக்கா ஜெல் டப்பாவில் வைத்தால்தான் மறுநாள் ஓடும். வருகிற ஜூனில் ஒண்ணாம் வகுப்பு. கண்ணாடி முன்னால் நின்று நாக்கை வளைத்து 'ழ' பழகுகிறான். பக்கத்தில் நின்று ஆயாவும் சிவந்த நாக்கை வளைத்துப் பார்க்கிறது, வரவில்லை, சிரிக்கிறது.

சாயங்காலம் ஆயா வேறு வகுப்பு எடுக்கிறது. திண்ணையில் அவனை உட்கார வைத்து, கண்ணைப் பொத்தி, "இது யாரு போட்டு?" என்று கேட்கும். அவன் அப்பா படகை மட்டும் இப்போது தவறாமல் சொல்லிவிடுகிறான். மற்றதில் பத்துக்கு மூன்று. நான் பத்துக்கு ஒன்று.